எட்டு மாதத்தில் போன எல்இடியும் இன்னும் எரியும் குண்டு பல்பும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: புதிதாகக் குடிபோன வாடகை வீட்டில் ஐந்து தலைமுறை விளக்குகள் ஒன்றாக இருக்கின்றன. ஹாலில் சோக் வைத்த பழைய நாலடி டியூப்லைட், இரண்டு படுக்கையறையிலும் சிஎஃப்எல், மாடிப்படியில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் 60 வாட் குண்டு பல்பு, அலமாரிக்கு மேலே சின்ன ஹாலஜன், குளியலறையில் எல்இடி. எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றினால் பெட்டியில் போட்டிருப்பதுபோல் 85 சதவீதம் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு குறைகள். 25,000 மணி நேரம் என்று போட்டிருந்த எல்இடி எட்டே மாதத்தில் போய்விட்டது. அம்மாவுக்கு எல்இடி வெளிச்சம் கண் கூசுகிறது. "எந்த பல்பு சிறந்தது" என்று தலைப்புப் போட்டிருந்தாலும், எதை இப்போதே கழற்றுவது, எதை எரியும்வரை எரிய விடுவது, பெட்டியில் இருக்கும் எண்களில் எதை நம்புவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் விளக்குகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பூச்சு பூசிய பெரிய உருண்டைக்குள் பல்பைத் தொங்கவிட்டு, அது எல்லாப் பக்கமும் வீசுகிற வெளிச்சத்தைக் கூட்டி அளப்பது என் தினசரி வேலை. அந்தக் கூட்டுத்தொகைக்குப் பெயர் லூமென். வாட் என்பது பல்பு தின்பது, லூமென் என்பது அது கொடுப்பது. குண்டு பல்பு காலத்தில் எல்லா பல்பும் ஒரே மாதிரி தின்று ஒரே மாதிரி கொடுத்ததால் "60 வாட்" என்றாலே எவ்வளவு வெளிச்சம் என்று புரிந்துவிடும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கடையில் 9 வாட்டா 12 வாட்டா என்று கேட்கிறோம், லூமென் எவ்வளவு என்று கேட்பதில்லை. லூமெனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். விளக்கின் மைலேஜ் அதுதான்.

அந்தக் கணக்குப்படி 60 வாட் குண்டு பல்பு 700 முதல் 800 லூமென் கொடுக்கும், அதாவது வாட்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. ஹாலஜன் கொஞ்சம் மேல், பதினைந்திலிருந்து இருபது சொச்சம். அதே 800 லூமெனை சிஎஃப்எல் 14 வாட்டில் கொடுத்துவிடும், வாட்டுக்கு 57. சாதாரண எல்இடி 9 வாட்டில் 800க்கும் 900க்கும் நடுவே கொடுக்கும், வாட்டுக்கு 90 முதல் 100. டியூப்லைட்டைப் பலரும் பழைய சரக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல டியூப்லைட் சிஎஃப்எல்லுக்குச் சளைத்ததில்லை, பல நேரம் அதைவிட மேல். வாட்டுக்கு 200 லூமெனைத் தாண்டிய வீட்டு எல்இடிகளும் வந்துவிட்டன. ஆனால் கடையில் கையை நீட்டினால் கிடைப்பது பெரும்பாலும் 90, 100 ரகம்தான். இவையெல்லாம் அளந்து பார்த்து உறுதியான விஷயங்கள், இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் எந்த விளம்பரமும் உங்களைக் குழப்பாது. குண்டு பல்பு என்பது அடிப்படையில் ஒரு அடுப்பு. டங்ஸ்டன் இழையை ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சுகிறோம், அது பழுத்து ஒளிர்கிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி. அந்த அளவுக்குச் சூடேற்ற முடிந்தால் வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும், ஆனால் டங்ஸ்டனே 3,422 டிகிரியில் உருகிவிடும். அதனால் இழை கக்குவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், அதாவது வெறும் சூடு. நூறு பங்கு மின்சாரத்தில் வெளிச்சமாவது பத்துப் பங்குகூடத் தேறாது. ஹாலஜனும் அதே அடுப்புதான். உள்ளே அயோடினோ புரோமினோ கொஞ்சம் வைத்திருப்பார்கள். இழையிலிருந்து ஆவியாகிப் போகும் டங்ஸ்டனைப் பிடித்துத் திரும்ப இழைக்கே கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. அதனால் இழையை இன்னும் கொஞ்சம் சூடாக ஓட்டலாம், வெளிச்சமும் ஆயுளும் சற்றுக் கூடும். அவ்வளவுதான். ஹாலஜனை "சிக்கன விளக்கு" என்று ஒரு காலத்தில் விற்றதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

டியூப்லைட்டும் சிஎஃப்எல்லும் வேறு வழியில் போகின்றன. உள்ளே இருக்கும் பாதரச ஆவி மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதாக் கதிரை விடுகிறது. கண்ணாடியின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. பழைய அடுப்போடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனால் இதற்குள்ளேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஒரு புறஊதாத் துகளில் இருக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவான அளவுதான் ஒரு பச்சை ஒளித் துகளுக்குத் தேவை. மிச்சம் பொடியிலேயே சூடாகப் போய்விடும். எவ்வளவு நல்ல பொடி பூசினாலும் இந்த இழப்பைத் தவிர்க்க முடியாது. எல்இடியிலும் பொடி உண்டு. அங்கே தொடக்கமே 450 நானோமீட்டர் சுமாருக்கு நீல ஒளி. நீலத்திலிருந்து மஞ்சளுக்கு இறங்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான் போகும். இந்த இறக்கம் சின்னதாக இருப்பதுதான் எல்இடி ஜெயித்ததற்கு முக்கியக் காரணம். சிவப்பு எல்இடி 1962லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு உலகம் முப்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து காட்டிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் 85 சதவீதம் பொய்யில்லை. 60க்குப் பதில் 9 என்றால் 51 வாட் மிச்சம், அது 60இல் 85 சதவீதம். ஆனால் அந்த ஒப்பீடு குண்டு பல்போடு மட்டும். 14 வாட் சிஎஃப்எல்லைக் கழற்றி 9 வாட் எல்இடி போட்டால் மிச்சம் 36 சதவீதம்தான். அதுவும் அந்த ஒரு விளக்கின் செலவில் 36 சதவீதம், உங்கள் கரண்ட் பில்லில் அல்ல. தண்ணீர் சுடவைக்கும் 2,000 வாட் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட் ஆகிவிடும். அந்த அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி 55 மணி நேரம் எரியும். விளக்கை மாற்றிவிட்டுப் பில் அப்படியே இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் எதை முதலில் மாற்றுவது என்பதை இரண்டு எண்களின் பெருக்கல் தீர்மானிக்கும்: எத்தனை வாட் குறையும், தினமும் எத்தனை மணி நேரம் எரியும். உங்கள் மாடிப்படி குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 109 யூனிட் தின்கிறது. எல்இடி அதே நேரத்துக்கு 16 யூனிட். வித்தியாசம் 93. இதை இன்றைக்கே மாற்றுங்கள். அடுத்தது ஹால் டியூப்லைட். மேலே 36 வாட் என்று எழுதியிருந்தாலும் அந்தக் கனமான இரும்பு சோக் தனியாக எட்டிலிருந்து பன்னிரண்டு வாட் தின்னும். ஆக மீட்டரில் ஓடுவது 45 வாட் சுமார். 18, 20 வாட் எல்இடி டியூப் போட்டு தினம் ஆறு மணி நேரம் எரித்தால் வருடத்துக்கு 57 யூனிட் மிச்சம். எல்இடி டியூபின் லூமென் பழையதைவிடக் குறைவாகத்தான் போட்டிருக்கும், அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பழைய டியூப் சுற்றிலும் வீசும், அதில் பாதி கூரைக்கும் பின் தகட்டுக்கும் போகும். எல்இடி டியூப் வெளிச்சத்தை ஒரு பக்கமாகக் கீழே தள்ளுவதால் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய சமமாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எல்இடி டியூப்களில் பல வகை உண்டு. சில பழைய சோக்கை அப்படியே விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிப் போடுவதற்கு, சில சோக்கைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பதற்கு. முதல் வகையில் சோக் தொடர்ந்து கொஞ்சம் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும். இரண்டாவது வகையில் டியூபின் எந்த முனையில் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். மாற்றி இணைத்தால் ஒரு முனையை மாட்டும்போது மறுமுனையின் ஊசியைத் தொட்டு ஷாக் அடிக்கும் வாய்ப்பு உண்டு. தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். வாடகை வீடு என்பதால் கழற்றிய சோக்கைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஹாலஜன் அலமாரி வெளிச்சம், தினம் ஒரு மணி நேரம்தான் எரியும் என்று நினைக்கிறேன். 50 வாட்டை 6 வாட்டாக்கினால் வருடத்துக்கு 16 யூனிட். அவசரமில்லை. ஆனால் துணியும் புத்தகமும் பக்கத்தில் இருந்தால் சிக்கனத்துக்காக இல்லாவிட்டாலும் சூட்டுக்காக மாற்றலாம். அது 12 வோல்ட் வகையாக இருந்தால் ஒரு சங்கடம் வரும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் குறைந்தது இத்தனை வாட் சுமை வேண்டும் என்று எதிர்பார்க்கும். 6 வாட் எல்இடி அதற்குப் போதாமல் மினுக்கும், சில நேரம் எரியவே எரியாது. அப்போது பல்பைத் திட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மரை எல்இடிக்கு உரியதாக மாற்றுங்கள்.

சிஎஃப்எல்லை விட்டுவிடுங்கள். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாற்றினால் வருடத்துக்கு 9 யூனிட்தான் மிச்சம். அது தானாகப் போகும்போது எல்இடி போடலாம். ஒரு விளக்கு தன் வாழ்நாளில் தின்கிற மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதைத் தயாரிக்கச் செலவாகும் ஆற்றல் சின்னது என்பது உண்மைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியும் சிஎஃப்எல்லை உடனே மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. படுக்கையறை விளக்குக்கு அந்த நியாயம் பொருந்தாது. சிஎஃப்எல்லை அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் குறையும் என்பதும் உறுதியான விஷயம். அதனால் அதைக் குளியலறைக்கோ கழிவறைக்கோ மாற்றிவிடாதீர்கள். எல்இடிக்கு அந்தக் கவலை இல்லை. "டியூப்லைட் போடும்போது நிறையக் கரண்ட் இழுக்கும், அதனால் அணைக்காமலே விடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தொடக்கத்தில் இழுக்கும் அந்தக் கூடுதல் சில விநாடி எரிவதற்குச் சமமாகத்தான் இருக்கும். பில்லுக்காக அணைக்காமல் விடுவதில் அர்த்தமில்லை.

இப்போது எட்டு மாதத்தில் போன எல்இடி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 25,000 மணி நேரம் என்றால் இரவு பகலாக எரித்தாலும் மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. புது மாடல் ஒவ்வொன்றையும் மூன்று வருடம் எரித்துப் பார்த்துவிட்டு யாரும் விற்க மாட்டார்கள். வழக்கம் என்னவென்றால், உள்ளே ஒளிரும் எல்இடி சில்லை, அதாவது அந்தச் சின்ன மஞ்சள் சதுரத்தை மட்டும் தனியாக 6,000 மணி நேரம் எரித்து வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். அந்தக் கோட்டை நீட்டி, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு எப்போது இறங்கும் என்று கணக்குப் போடுவார்கள். இப்படி நீட்டுவதற்கும் வரம்பு உண்டு, சோதித்த நேரத்தைப்போல அதிகபட்சம் ஆறு மடங்கு வரைதான் சொல்லலாம். ஆகப் பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் சில்லின் வெளிச்சம் மங்கும் காலத்தைச் சொல்கிறது. முழு பல்பும் அத்தனை மணி நேரம் எரியும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

செத்த எல்இடி பல்புகளைத் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம், வீட்டில் திட்டு வாங்கியும் விடவில்லை. நான் திறந்தவற்றில் சில் கிழடாகி மங்கிப் போனது அபூர்வம். பெரும்பாலும் போவது டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் அந்தச் சின்னச் சுற்று. அதில் இருக்கும் கெப்பாசிட்டருக்குள் ஈரமான வேதிப்பொருள் ஒன்று இருக்கும், சூட்டில் அது மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இன்னொரு வகை மரணமும் அடிக்கடி பார்த்திருக்கிறேன். சில்கள் எல்லாம் மாலைபோல வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும், அதில் ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. தேடினால் மஞ்சள் சதுரங்களில் ஒன்றின் நடுவில் மட்டும் கரும்புள்ளி தெரியும்.

"எல்இடி சூடாகாது" என்று சொல்வது இதனால்தான் ஆபத்து. 9 வாட்டில் மூன்று வாட் சுமார்தான் வெளிச்சமாகிறது, மீதி ஆறு வாட் சூடுதான். குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும், அதன் உடம்பும் கண்ணாடியும் உலோகமும் என்பதால் தாங்கும். எல்இடியின் சூடு கழுத்துப் பகுதிக்குள் இறங்கி, காற்று வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கேதான் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. மூடிய கூண்டில் அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. உங்கள் எல்இடி எந்த இடத்தில் எரிந்து போனது என்று நீங்கள் எழுதவில்லை. மாடிப்படிக் கூண்டுக்குள் என்றால் குற்றவாளி கூண்டு என்றே சொல்வேன். அந்த இடத்துக்கு மூடிய ஃபிட்டிங்கில் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்ட பல்பு வாங்குங்கள், இல்லையென்றால் 5 வாட் பல்பு போடுங்கள். மாடிப்படிக்கு 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சமே தேவையில்லை, கால் வைக்கும் படி தெரிந்தால் போதும். வேறு இடம் என்றால் தளர்ந்த ஹோல்டர், அடிக்கடி ஏறி இறங்கும் வோல்டேஜ், அல்லது டிரைவரில் காசு மிச்சம் பிடித்த மலிவு பல்பு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். திறந்து பார்க்காமல் எது என்று சொன்னால் அது ஜோசியம்.

"பழைய குண்டு பல்பு எத்தனை வருடம் எரிந்தது, இப்போது வேண்டுமென்றே சீக்கிரம் போகும்படி செய்கிறார்கள்" என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் ஒரு துணுக்கு வரலாறு இருக்கிறது. 1924இல் பெரிய பல்பு கம்பெனிகள் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டணி அமைத்து, குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்தில் நிறுத்த ஒப்பந்தம் போட்டது உண்மை. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். இழையைக் குறைந்த சூட்டில் ஓட்டினால் ஆயுள் எகிறும், வெளிச்சம் படுத்துவிடும். வோல்டேஜ் ஒரு சதவீதம் குறைந்தால் வெளிச்சம் மூன்றரை சதவீதம் சுமார் குறையும், ஆயுள் பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் கூடும். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிகிறது, எல்லோரும் அதிசயமாகக் காட்டுவார்கள். அது இன்று கொடுப்பது வெறும் 4 வாட் இரவு விளக்கின் மங்கல் வெளிச்சம். அப்படி மங்கலாக எரியும் பல்பைப் பத்து வருடம் வைத்திருப்பதைவிட, நன்றாக எரியும் பல்பை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே மின்சாரக் கணக்கில் லாபம். அந்தக் கம்பெனிகள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. இழை விளக்கில் ஆயுளும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று எதிரி, அவ்வளவுதான். எல்இடியில் அந்தப் பகை கிடையாது. குளிர்ச்சியாக ஓட்டினால் இரண்டுமே கூடும். அதனால் எட்டு மாதத்தில் போகும் எல்இடிக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வாங்கும்போது என்ன பார்ப்பது? லூமென் எண் இல்லாத பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். கையில் எடுத்தால் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும். சூட்டை வெளியேற்றும் அலுமினியம் உள்ளே இருக்கிறதா என்பதற்கு அது ஒரு தோராய அடையாளம், ஆனால் நிச்சயமான சான்று என்று சொல்ல மாட்டேன். எத்தனை வருட உத்தரவாதம் என்பது எத்தனை மணி நேரம் என்பதைவிட நேர்மையான எண், ஏனென்றால் பல்பு போனால் அவர்கள் கையிலிருந்து காசு போகும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் போட்டவுடன் போன் கேமராவின் ஸ்லோமோஷனில் பல்பைப் பாருங்கள். படபடவென்று துடித்தால் டிரைவரில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போனில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து இரண்டு பல்புகளை ஒப்பிட அவை போதும்.

'ஸ்மார்ட்' பல்பு போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அணைத்த பிறகும் அது போனிலிருந்து வரும் கட்டளைக்காக விழித்திருக்கும், அரை வாட் வரை தின்னும். வருடம் முழுக்க அரை வாட் என்றால் 4 யூனிட்டுக்கு மேல். தினம் ஒரு மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு வருடத்துக்குத் தின்பதே 3 யூனிட் சொச்சம்தான். குளியலறையில் ஸ்மார்ட் பல்பு போட்டால் எரிந்து தின்பதைவிடத் தூங்கித் தின்பது அதிகமாகிவிடும். வசதிக்காக வாங்குங்கள், சிக்கனத்துக்காக வேண்டாம். அப்புறம், ஹாலில் ஒரு டியூப்லைட்டை எடுத்துவிட்டுக் கூரையில் ஆறு 12 வாட் பேனல் பதிக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். 72 வாட். எல்இடிக்கு மாறியும் பில் ஏறிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், கதை எப்போதும் இதேதான்.

அம்மா சொல்லும் கூச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். அது மனப்பிரமை இல்லை. நான் விளக்கு பார்ப்பவன், கண் பார்ப்பவன் இல்லை. அதனால் விளக்குப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நாலடி டியூபில் பரவியிருந்த வெளிச்சத்தை எல்இடி கைப்பிடி அளவு இடத்திலிருந்து வீசுகிறது. மொத்தம் அதே அளவாக இருந்தாலும் கண்ணில் குத்துவது அதிகம். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக் கொஞ்சம் கலங்கும், உள்ளே நுழையும் ஒளி சிதறும். அதனால் பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் அதிக வெளிச்சமும் வேண்டும், குறைந்த கூச்சமும் வேண்டும். பால்போன்ற வெள்ளை மூடி இருக்கும் பல்பு, படுத்தால் நேராகக் கண்ணில் படாத இடம், சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும் வெளிச்சம், இவை மூன்றும் நிச்சயம் உதவும். சுவர் வெள்ளையாக இருந்தால் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதம் திரும்ப வரும், அடர்ந்த நிறமென்றால் பெரும்பகுதியைச் சுவரே விழுங்கிவிடும்.

நிறமும் முக்கியம். பெட்டியில் 6,500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 2,700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள். மஞ்சளுக்கு மாறினால் அதே வாட்டில் லூமென் சில சதவீதம் குறையும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கூடவே சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. குண்டு பல்பு 100. சாதாரண எல்இடி 80. 90க்கு மேல் கிடைத்தால் முகமும் துணியும் வெளிறிப் போகாமல் தெரியும். இதற்கும் வாட்டுக்குக் கிடைக்கும் லூமெனில் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டும். அம்மா அறைக்கு அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

எல்இடியின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்று பரவும் செய்தியைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்ற அளவு), வெயிலில் நடந்தால் பல்லாயிரம் லக்ஸ். நீலமும் வெயிலில்தான் மிக அதிகம். அறை விளக்குக்கு அந்த அளவுக்குப் பயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. இரவில் பிரகாசமான வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது வேறு விஷயம், அது சோதனைகளில் நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. ஒரு சாதாரண மஞ்சள் பல்பு அதை எவ்வளவு தூரம் செய்யும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. எப்படியும் படுக்கப்போகும் நேரத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு இருப்பதில் நஷ்டமில்லை. கூச்சம் புதிதாக வந்ததென்றாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று அம்மா சொன்னாலோ பல்பை மாற்றிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிஎஃப்எல் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன், படுக்கையறையில் இரண்டு இருப்பதால். உள்ளே இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான், பதற வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். துடைப்பத்தால் பெருக்கவோ வேக்கம் க்ளீனர் போடவோ கூடாது, பொடியும் ஆவியும் அறையெங்கும் பரவும். கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்தெடுத்து, மிச்சத்தை ஈரக் காகிதத்தால் ஒற்றி, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். உடையாமல் செத்துப்போன சிஎஃப்எல்லையும் டியூபையும்கூட வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அந்த எட்டு மாத எல்இடியை மட்டும் தூக்கிப் போடுவதற்கு முன் ரசீதைத் தேடிப் பாருங்கள், இப்போது வரும் எல்இடிகள் பலவற்றுக்கும் வருடக் கணக்கில் உத்தரவாதம் உண்டு.